குரூப்பில் ஃபார்வர்டு செய்தேன், கோயிலில் அவர் கையைப் பிடித்தேன் – இனி என்ன செய்ய?

#1 – கருப்பட்டிக்காப்பி – ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் தோத்திரம். பதநீர் விலை, பஸ் நேரம், கீர்த்தனை ராகம் என்று இங்கே நான் வழக்கமாக எழுதுவது வேறு. இன்றைக்கு எழுதுவது என் தலையில் நானே அள்ளிப் போட்டுக்கொண்ட மண்ணைப் பற்றி.

ஊர் திசையன்விளைப் பக்கம். சி.எஸ்.ஐ. சபை, நூற்றைம்பது குடும்பத்துக்குக் கொஞ்சம் மேலே. சபை வாட்ஸ்அப் குரூப்புக்கு மூன்று அட்மின், அதில் ஒருவன் நான். போன தேர்தல் சமயம் (சபைக் கமிட்டித் தேர்தல்தான், அதற்கு முன்னால் சட்டசபைத் தேர்தலே தோற்றுப்போகும்) ஒரு செய்தி வந்தது. "அசன அரிசியில் ஆறு மூட்டை எங்கே போச்சு, சபையாரே கேளுங்கள்" என்று ஆரம்பித்து (அசனம் என்றால் சபைப் பண்டிகை விருந்து), கமிட்டியில் அப்போது பொறுப்பில் இருந்த ஒருவரைப் பெயர் சொல்லாமல், ஆனால் அவர் வீட்டு வாசல் வேப்பமரம் வரை அடையாளம் சொல்லி எழுதியிருந்தார்கள். அவர் எதிர் அணி. நான் இந்த அணி. முழுசாக வாசிக்கக்கூட இல்லை. சபை குரூப், வாலிபர் சங்க குரூப், சொந்தக்காரர் குரூப், மூன்றிலும் தள்ளிவிட்டேன். போதாததற்கு என் பங்குக்கு ஒரு வரி: "நெருப்பில்லாமல் புகையுமா?"

தேர்தல் முடிந்தது. அவர் தோற்றார். புதுக் கமிட்டி பழைய நோட்டுகளை வாங்கிப் புரட்டினபோது அந்த ஆறு மூட்டை ஒரு பக்கத்தில் கிடந்தது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதே மழை. தாமிரபரணி உடைத்துக்கொண்டு ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றபோது, ஜனவரிப் பண்டிகைக்கு என்று சேர்த்து வைத்திருந்த அரிசியில் ஆறு மூட்டையைக் குட்டியானையில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அங்கே வாங்கிய உபதேசியார் (சபை ஊழியர்) கையெழுத்து நோட்டில் இருக்கிறது, தேதியோடு. வண்டி வாடகை அவர் கைக்காசு. யாரும் போட்டோ எடுக்கவில்லை, குரூப்பில் போடவும் இல்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

இன்றைக்குத் திருவிருந்து ஆராதனை. நம் ஒழுங்கில் சமாதானம் கொடுப்பது தெரியும்தானே. ஐயர் (சபை ஆயர்) பீடத்திலிருந்து கொடுக்க, கையோடு கையாகப் பெஞ்சு பெஞ்சாக வரும். எனக்கு அது அவர் கையிலிருந்து வந்தது. "சமாதானம், தம்பி" என்றார். தம்பி என்பது ஒழுங்குப் புத்தகத்தில் கிடையாது, அவராகச் சேர்த்தது. அப்புறம் அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், வயிறு சரியில்லையா என்று.

கேள்வி இதுதான். அவரை நேரில் போய்ப் பார்ப்பதா, எந்த குரூப்பில் போட்டேனோ அங்கேயே மன்னிப்புக் கேட்பதா? அழிக்க முடியாது, "அனைவருக்கும் நீக்கு" என்பது இரண்டரை நாளோடு சரி. மூன்று குரூப்பும் சேர்ந்து நானூறு பேருக்கு மேல். அவர்கள் எங்கெங்கே அனுப்பினார்களோ.

#2 – பாளைபஸ்ஸ்டாண்டு – ஞாயிறு, இரவு 9.58

எங்கள் சபை குரூப்பில் விடியற்காலை 4.30-க்கு வாக்குத்தத்த அட்டை வரும், பூப்படம் போட்டு. இரவு 9-க்கு மேல் குத்துவெட்டு. இரண்டும் ஒரே நம்பரிலிருந்து வரும். நீர் ஒருநாள் தவறினதற்கு இவ்வளவு வருத்தப்படுகிறீர். போய்ப் படும் அண்ணாச்சி, காலையில் பார்க்கலாம்.

#3 – ஓய்வுடீச்சர் – திங்கள், காலை 6.15

தம்பி, படுக்கப் போகாமல் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

என் அப்பா உபதேசியார். நான் சொல்வது 1960-களின் கடைசி. திருவிருந்து ஞாயிறு என்றால் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டார்ச் லைட்டோடு வீடு வீடாகப் போவார். யார் நாளைக்கு வருகிறார்கள் என்று பெயர் எழுதுவதாகப் பெயர். உண்மையில் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்று பார்க்கப் போவது. வரப்புத் தகராறு, கிணற்றுத் தண்ணீர் தகராறு, கல்யாண வீட்டில் இலை போட மறந்த தகராறு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ராத்திரி பத்து மணி வரை அலைவார். பழைய இங்கிலாந்து ஜெபப் புத்தகத்திலேயே அந்தச் சட்டம் உண்டு: பகையோடு இருக்கிறவர்களை ஒப்புரவாகும் வரை பந்திக்குச் சேர்க்கக் கூடாது. அப்பா அதை டார்ச் லைட்டோடு நடந்து நிறைவேற்றினார், அவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் போனபின் வந்த போனில் பகைக்குச் சத்தமே இல்லை. வரப்பில் நின்று கத்தினால் ஊருக்குக் கேட்கும், யாராவது விலக்கிவிட வருவார்கள். நீங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு கட்டைவிரலால் செய்ததை யார் விலக்கிவிடுவது?

அதனால் நீங்கள் நேற்று எழுந்து போகாமல் உட்கார்ந்தது சரி. மத்தேயு ஐந்தில் காணிக்கையைப் பீடத்திலேயே வைத்துவிட்டுப் போ என்கிற இடம் உங்களுக்குத் தெரியும். அதில் முதலாவது போவது, அப்புறம்தான் மற்றதெல்லாம். நேரில் போங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

#4 – வக்கீல்குமாஸ்தா – திங்கள், காலை 10.05

டீச்சர் ஆன்மாவைப் பார்க்கிறார்கள், நான் கேஸ் கட்டைப் பார்க்கிறேன், மன்னிக்கவும்.

ஃபார்வர்டுதானே, நான் எழுதியதா என்று பலர் நினைக்கிறார்கள். 2018-ல் ஒரு முன்ஜாமீன் மனுவில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது: ஒரு செய்தியை முன்னனுப்புவது அதை ஏற்றுக்கொண்டு ஆமோதிப்பதற்குச் சமம். நீங்கள் அதற்கு மேல் சொந்தமாக ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். அவதூறுக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவு. இரண்டு வருடம் வரை சாதாரணக் காவல், அல்லது அபராதம், அல்லது சமூக சேவை.

அட்மின் என்பதற்காக மட்டும் மாட்டமாட்டீர்கள். உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பல்ல என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்கள் போட்டதற்கு நீங்கள்தானே பொறுப்பு.

ஆகவே என் யோசனை: நேரில் போங்கள், கையைப் பிடியுங்கள், காலில்கூட விழுங்கள். எழுத்தில் மட்டும் எதையும் கொடுக்காதீர்கள். "நான் செய்தது தவறு" என்று குரூப்பில் போட்டால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர் சாட்சிக் கூண்டுக்கும் கொண்டுவரலாம்.

#5 – தேரிக்காட்டான் – திங்கள், காலை 10.11

மரத்தில் ஏறி இயேசுவைப் பார்த்த வரிக்காரன் சகேயுவுக்கு நல்லவேளை குமாஸ்தா கிடைக்கவில்லை. "நாலத்தனை திருப்பித் தருகிறேன் என்று எழுத்தில் கொடுக்காதே" என்று மரத்திலேயே உட்கார வைத்திருப்பார்.

#6 – உப்பளத்தான் – திங்கள், மதியம் 1.30

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். மாறிப் பேச ஒருவன் வேண்டாமா?

"தனியாகப் போய்ச் சொல்", "சபை விஷயத்தைச் சந்தியில் கொண்டுவராதே", "நாக்கு நெருப்பு என்று யாக்கோபு சொன்னார்". இந்த மூன்றையும் நான் முப்பது வருஷமாகக் கேட்கிறேன். பெரும்பாலும் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் வாயிலிருந்து. வாட்ஸ்அப் வருவதற்கு முன்னால் சபைக் கணக்கைக் கேட்க எங்களுக்கு எந்த வழியும் இல்லை. கமிட்டியில் எழுந்து கேட்டால் "அடுத்த அஜெண்டா" என்பார்கள். தாய்மார் காணிக்கைப் பையில் போட்ட பத்து ரூபாய்க்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று ஒருவன் பேஸ்புக்கில் எழுதுவது பாவமா? தேவாலயத்தில் இயேசு காசுக்காரர் பலகையைக் கவிழ்த்தது தனியாகவா?

கருப்பட்டி அண்ணன் செய்தது தப்பு, சரி. ஆனால் "அந்த ஆறு மூட்டை எங்கே" என்கிற கேள்வி தப்பில்லை. அந்த மனிதர் அன்றைக்கே நாலு போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டிருந்தால் இத்தனையும் இல்லை.

#7 – ஏரல்காரன் – திங்கள், மாலை 5.50

ரொம்ப நாளாக வாசிப்பதோடு சரி. போட்டோ என்றதால் எழுதுகிறேன்.

அந்த வெள்ளத்தில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு ராத்திரி மொட்டைமாடி. கரண்டு இல்லை, போன் டவர் இல்லை, பாலம் போய்விட்டது. மூன்றாம் நாளிலிருந்து வண்டிகள் வந்தன. வந்தவர்கள் எல்லாருக்கும் நன்றி, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வண்டியில் ரொட்டிப் பாக்கெட்டும் போர்வையும் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு போர்வை, பேனருக்கு முன்னால் நின்று, கொடுக்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் போர்வையில் இருக்க, கேமராவைப் பார்த்து. பேனரில் வசனம். என் மகளுக்கு அப்போது பதினாலு வயது. மூன்று நாள் மாற்றாத உடுப்பு. வரமாட்டேன் என்றாள். குளிரில் நடுங்கிக்கொண்டு போர்வை வேண்டாம் என்றாள். நான்தான் அதட்டி நிற்க வைத்தேன். படத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் யாரோ அந்தப் படத்தை அவளுக்கே அனுப்பினார்கள்.

அரிசியோடு வந்த ஒரு வண்டியும் ஞாபகம் இருக்கிறது. கோயில் வராந்தாவில் இறக்கினார்கள், உபதேசியாரிடம் கையெழுத்து வாங்கினார்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். எந்த ஊர் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. உங்கள் ஊர் வண்டிதான் என்று சொல்ல வரவில்லை, அப்படி எத்தனையோ வந்திருக்கும்.

#8 – உப்பளத்தான் – திங்கள், மாலை 6.20

ஏரல் அண்ணன், போட்டோ பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கணக்குப் பற்றி எழுதியதை வாங்கவில்லை.

#9 – ஓய்வுடீச்சர் – திங்கள், இரவு 8.00

இரண்டும் வேறுவேறு என்று உப்பளத் தம்பியே பிரித்துவிட்டார்கள், நல்லது. படம் பார்க்கிறவனுக்கு, கணக்கு கொடுத்தவனுக்கு. அந்த மனிதர் படம் எடுக்காதது சரி. ஆனால் நோட்டில் எழுதியதை அடுத்த ஞாயிறே அறிவிப்பு நேரத்தில் வாசித்திருக்க வேண்டும். வலது கை செய்வதை இடது கைக்குச் சொல்லாதே என்பது சொந்தக் கைக்குத்தான். ஆறு மூட்டையும் சபையார் கொடுத்தது. அதற்குச் சபையாரிடம் சொல்லத்தான் வேண்டும்.

டோனாவூரில் மிஷனரி ஆமி கார்மைக்கேல் அம்மாவின் கல்லறையைப் பார்த்திருக்கிறீர்களா? 1901-ல் அங்கே வந்து, 1951-ல் அங்கேயே இறந்தார்கள். என் மேல் கல் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் அம்மா என்று மட்டும் எழுதினார்கள். ஆனால் அதே அம்மா எழுத்தில் எதையும் மறைத்தவர்கள் அல்ல. ஊழியத்தில் பட்ட தோல்விகளை உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினபோது, வாசிப்பவர்கள் சோர்ந்துபோவார்கள், உற்சாகமாக மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மாற்றமாட்டேன் என்று அம்மா எடுத்து வைத்துவிட்டார்கள். பிறகு 1903-ல் அது மாற்றாமலேயே புத்தகமாக வந்தது. இன்றைக்கு ஊழியச் செய்திகளில் ஒரு கூட்டம் தோற்றது என்று எங்கேயாவது வாசிக்கிறோமா? எல்லாக் கூட்டமும் "திரளான ஜனங்கள்". டிரோன் கேமராவுக்கு முன்வரிசை மட்டும் தெரியும் போல.

#10 – தாராவிமகள் – திங்கள், இரவு 11.20

வேலை முடிந்து இப்போதுதான் வாசித்தேன். ஊரை விட்டு மும்பைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். அம்மா அங்கே தனியாக. எனக்கு ஊர் என்பதே அந்த குரூப்தான், அதனால் திட்ட மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை நேரலையில் போடுகிறார்கள், மணி அடிக்கிற சத்தம் கேட்டாலே போதும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். என் பெரியப்பா இறந்தது எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? ரயிலில் நிற்கிறேன், சும்மா ஸ்டேட்டஸ் தள்ளிக்கொண்டிருந்தேன். சபைக்காரப் பையன் ஒருவன் ஸ்டேட்டஸில் பெரியப்பா படுத்திருக்கிறார், மூக்கில் பஞ்சு, தாடையில் கட்டு. கீழே "கர்த்தருக்குள் நித்திரை". இரண்டு கைகூப்பு. என் அண்ணன் போன் பண்ணினது அதற்கு முக்கால் மணி நேரம் கழித்து. சர்ச்கேட் வரை போய்விட்டு இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறவனே அவன்தான். முதலில் போட வேண்டும் என்று இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளுக்கு நாளைக்கு மரண தண்டனை, உடனே ஜெபியுங்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று ஒன்று வரும், பார்த்திருப்பீர்கள். 2009 வாக்கிலிருந்து சுற்றுகிறது. 2021-ல் காபூல் விழுந்தபோது மறுபடி வந்தது. அதற்கு முன் 2007-ல் தென்கொரியச் சபைக்காரர்கள் 23 பேரைத் தாலிபான் உண்மையிலேயே பிடித்து வைத்து, இரண்டு பேரைக் கொன்றார்கள். மற்றவர்கள் விடுதலையானார்கள். ஆனால் "நாளைக்கு" என்கிற 22 பேர் இல்லை. என் அம்மா அந்த 22 பேருக்காக மூன்று தடவை உபவாசம் இருந்திருக்கிறாள். சர்க்கரை நோயாளி. பொய் என்று சொன்னால், "ஜெபம் வீணாப் போகாது மக்கா" என்றாள். அனுப்பினவனுக்கு என்ன போச்சு?

#11 – பாளைபஸ்ஸ்டாண்டு – செவ்வாய், காலை 7.10

அக்கா, இரட்டை அம்புக்குறி விழுந்திருந்தால் அது ஐந்து கைக்கு மேல் மாறி வந்தது என்று அர்த்தம். அதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020-ல் வாட்ஸ்அப்பே கட்டிப்போட்டது. அமெரிக்கக் கம்பெனிக்காரனுக்கு வந்த சந்தேகம்கூட நம்ம ஆட்களுக்கு வரவில்லை. நகல் எடுத்து ஒட்டி, புதுசு மாதிரி அனுப்புகிறார்கள். அதற்கு மட்டும் தொழில்நுட்பம் தெரியும்.

#12 – இரட்டைமண்டபம் – செவ்வாய், காலை 9.30

நான் கத்தோலிக்கன், பேச்சில் இடம் உண்டா?

சொந்த ஊர் வடக்கன்குளம். எங்கள் ஊர்க் கோயில் 1870-களில் கட்டியது. பீடம் ஒன்று, ஜனங்கள் நிற்கும் மண்டபம் இரண்டு, கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி. ஒரு காலில் ஒரு சாதி, மறு காலில் மற்றவர்கள், நடுவில் சுவர். ஒரே பூசை, ஒரே சாமியார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம். 1910-ல் சுவரை இடித்தார்கள். வழக்கு கோர்ட்டு வரை போனது.

இப்போது நான் பிழைப்பது வேறு ஊரில், பெயர் வேண்டாம். அங்கே பங்கு குரூப் ஒன்று இருக்கிறது, அதில் திருவழிபாட்டு அறிவிப்பும் பிறந்தநாள் வாழ்த்தும். அதே பங்கில் ஒவ்வொரு சாதிக்கும் தனித்தனி குரூப், பெயரில் மட்டும் "நண்பர்கள்", "சொந்தங்கள்". எந்தக் கல்யாணத்துக்குப் போக வேண்டும், எந்தக் கடையில் வாங்கக் கூடாது, யார் பெண் யாரோடு பேசுகிறாள், எல்லாம் அங்கேதான். என்னையும் ஒன்றில் சேர்த்தார்கள், கேட்கவில்லை. ஏழு மாதம் சும்மா இருந்தேன். வெளியே வந்தால் "இன்னார் வெளியேறினார்" என்று பெயர் விழுமே என்ற பயம். ஒருநாள் அதில் ஒரு பையனுடைய போட்டோவைப் போட்டு, இவன் எந்த ஊர் என்று விசாரியுங்கள் என்றார்கள். நான் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த பையன். அன்றைக்கு ராத்திரி வெளியே வந்தேன். இப்போதெல்லாம் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகுமாம், அது எனக்கு அப்போது தெரியாது. பயந்ததெல்லாம் வீண். அந்தப் பையன் வீட்டுக்கு விஷயத்தைச் சொன்னேன். இவ்வளவுதான் செய்தேன், பெருமைக்கு இல்லை. ஏழு மாதம் ஏன் இருந்தேன் என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

#13 – தேரிக்காட்டான் – செவ்வாய், காலை 9.55

அண்ணாச்சி, இது எங்கள் தலைமுறைக்கும் சேர்த்து. என் சண்டே ஸ்கூல் கூட்டாளி ஒருவன், வசனப் போட்டியில் மூன்று வருஷம் முதல் பரிசு. காலையில் ஸ்டேட்டஸில் சங்கீதம், சாயங்காலம் அரிவாள் படத்தோடு சாதிப் பாட்டு. கேட்டால் "அது விசுவாசம்லே, இது இனம்" என்கிறான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையனை வீடு புகுந்து வெட்டினார்களே, அதற்கப்புறம் அரசு போட்ட நீதியரசர் சந்துரு குழு, பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. கையில் கட்டினதை டீச்சர் கழற்றச் சொல்லலாம். ஸ்டேட்டஸில் கட்டினதை யார் கழற்ற? ஐயருடைய நம்பரும் அவன் போனில் இருக்கிறது, ஐயரும் பார்த்திருப்பார்.

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அந்தப் பாட்டுக்கு முதல் இரண்டு தடவை நெருப்புப் பொம்மை போட்டேன். மூன்றாம் தடவைதான் போடவில்லை.

#14 – உப்பளத்தான் – செவ்வாய், மதியம் 2.15

தலைப்புக்குத் திரும்புகிறேன். பொதுவில் எழுதுவது பற்றி நம்ம ஊர்ச் சரித்திரத்திலேயே ஆள் இருக்கிறார். ரேனியஸ் ஐயர், ஜெர்மன் மிஷனரி. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து, இன்றைக்கு ஊசிக்கோபுரம் என்கிற கோயிலை 1826-ல் கட்டியவர். தன்னை அனுப்பிய மிஷன் சார்ந்திருந்த திருச்சபையின் ஒழுங்குகளையே விமர்சித்து எழுதி அச்சிட்டார். 1835-ல் வேலையை விட்டு நீக்கினார்கள். சபைகள் இரண்டாக உடைந்தன. அவரும் எல்லாவற்றையும் தனியாகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டுமா?

#15 – ஓய்வுடீச்சர் – செவ்வாய், மாலை 4.40

நல்ல உதாரணம் தம்பி, ஆனால் உங்களுக்கு எதிராகவும் திரும்பும். அதை எழுதியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். விலையையும் அவரேதான் கொடுத்தார், வேலை போனது. அரிசி மூட்டைச் செய்தியை எழுதியது யார் என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்காவது தெரியுமா?

தனியாகப் போய்ச் சொல் என்கிற மத்தேயு பதினெட்டை வாயடைக்கப் பயன்படுத்துகிறார்கள் என்றீர்கள், உண்மைதான். அவர்கள் பாதி வசனத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். தனியாகப் போ என்பது முதல் படி. கேட்காவிட்டால் இரண்டொரு பேரோடு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். பொதுவில் சொல்வது மூன்றாவதாக அங்கேயே இருக்கிறது. கணக்குக் கேட்டு இரண்டு படியும் ஏறியவர் மூன்றாவதாகப் பேஸ்புக்கில் எழுதினால், பெயர் போட்டு எழுதினால், நான் குறை சொல்லமாட்டேன்.

#16 – உப்பளத்தான் – செவ்வாய், மாலை 5.05

முதல் படியே ஏறாமல் மூன்றாவதில் குதித்திருக்கிறேன், இரண்டு மூன்று தடவை. அது நிஜம்.

#17 – வக்கீல்குமாஸ்தா – செவ்வாய், மாலை 5.30

கருப்பட்டியார் எங்கே? இரண்டு நாளாகச் சத்தமில்லை. ஜாமீன் எடுக்க வேண்டுமா?

#18 – கருப்பட்டிக்காப்பி – வியாழன், இரவு 10.15

மன்னியுங்கள். போய்விட்டு வந்தேன், அதை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனேன். டீச்சர் சொன்னபடி போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வேப்பமரத்தடியில் வாழைக்குத் தார்க்கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பயிற்சி செய்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "அண்ணாச்சி, அந்த அரிசிச் செய்தி, நானும் அனுப்பினேன்" என்றேன். கயிறு திரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார். "சொந்தக்காரர் குரூப்பில் என் மச்சினன் இருக்கானே. நெருப்பில்லாமல் புகையுமான்னு எழுதினியே, அதை மனப்பாடமாச் சொன்னான்."

அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை என் கையைப் பிடித்தபோதே தெரியும்.

ஏன் அப்போதே கேட்கவில்லை என்றேன். "எத்தனை பேரிடம் கேட்க?" என்றார். எனக்கு முன்னால் யாரும் வரவில்லையாம்.

குமாஸ்தா அண்ணன் சொன்னதும் மனதில் இருந்தது. குரூப்பில் போடட்டுமா, வேண்டாமா என்று அவரிடமே கேட்டேன். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். கொஞ்சம் பொறுத்து, "மகளுக்குப் போடு" என்றார். மகள் நர்சிங் படிக்கிறாள். விடுதியில் கூடப் படிக்கிற பிள்ளை, இது உங்க அப்பாவா என்று போனை நீட்டியிருக்கிறாள். எங்கள் ஊர் குரூப்பிலிருந்து அங்கே எப்படிப் போயிற்றோ. அன்றைக்கு ராத்திரி அவள் போன் பண்ணி அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள், "அரிசி எங்கப்பா?" என்று. அதைச் சொல்லும்போதுதான் கயிற்றைக் கீழே வைத்தார்.

வீட்டுக்கு வந்து மூன்று குரூப்பிலும் போட்டேன். நாலு வரி. இன்ன தேதியில் நான் அனுப்பிய அரிசிச் செய்தி பொய், விசாரிக்காமல் அனுப்பினேன், ஆறு மூட்டையும் வெள்ளத்துக்குப் போனது, நோட்டு கமிட்டியிடம் இருக்கிறது, அவரிடமும் அவர் குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பெயர் போட்டு.

வாலிபர் சங்க குரூப்பில் இரண்டு கட்டைவிரல், ஒரு கைகூப்பு. சொந்தக்காரர் குரூப்பில் சித்தப்பா ஒருவர், "எவ்வளவு வாங்கினே?" என்று கேட்டார். சபை குரூப்பில் பத்து நிமிஷம் யாரும் மூச்சுவிடவில்லை. அப்புறம் ஒருவர் திருமண நாள் வாழ்த்துப் போட்டார், தொடர்ந்து எழுபது வாழ்த்து வந்து என் செய்தி மேலே ஏறிப் போய்விட்டது. யாருக்காவது தேட வேண்டுமென்றால் ரொம்ப தூரம் தள்ள வேண்டும். மேலே பின் (pin) செய்து வைத்திருக்கிறேன், அட்மின் வேலையில் இது ஒன்றாவது உருப்படி. எங்கள் அணிக்காரர்கள் நேற்றிலிருந்து போன் எடுக்கவில்லை.

#19 – வக்கீல்குமாஸ்தா – வியாழன், இரவு 10.40

எழுத்தில் கொடுத்துவிட்டீர்கள். சரி. கேஸ் வந்தால் ஃபீஸ் இல்லாமல் பார்க்கச் சொல்கிறேன்.

#20 – தாராவிமகள் – வெள்ளி, காலை 6.50

அந்தப் பிள்ளை வாசித்தாளா, அண்ணன்?

#21 – கருப்பட்டிக்காப்பி – வெள்ளி, காலை 7.30

அவள் எந்த குரூப்பிலும் இல்லை, தங்கச்சி. அண்ணாச்சி என்னிடமே ஸ்கிரீன்ஷாட் கேட்டார், அவருக்கு எடுக்கத் தெரியாது. அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, அவருக்கு. அவளுக்கு அனுப்பினாரா என்று கேட்கவில்லை.

#22 – உப்பளத்தான் – வெள்ளி, காலை 8.05

அந்த நோட்டை ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் வாசிக்கச் சொல்லி உங்கள் கமிட்டியில் கேளுங்கள். அவர் காலத்துக் கணக்கு மட்டும் இல்லை, இப்போது உங்கள் அணி வைத்திருக்கிற கணக்கும்.

#23 – கருப்பட்டிக்காப்பி – வெள்ளி, காலை 8.20

கேட்டேன். "இப்போ எதுக்கு அதெல்லாம்" என்றார்கள். முதல் படி முடிந்தது. நாளைக்குச் சாயங்காலம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒருவர் கோயில்பிள்ளை, மணி அடிக்கிறவர். இன்னொருவர் யாரென்று சொன்னால் சிரிப்பீர்கள், வேப்பமர வீட்டு அண்ணாச்சிதான்.